மூன்று மணிக்கு விடிந்தது

நூற்றெண்பது மில்லிலீற்றர்.
நிறமில்லை. எலுமிச்சை வாசனை,
அடியில் சவர்க்காரக் கசப்பு.
"ஒரே மூச்சில் குடியுங்கள், திருமதி குகதாசன்"
என்கிறாள் நேர்ஸ் ஃப்ளூரினா,
கழுத்தில் ஓட்டப்பந்தயக் கடிகாரம் தொங்க.

எழுநூறு பிராங்க். இரண்டு பகல்.
'வாரத்துக்கு எத்தனை கோப்பை?'
படிவத்தில் பூச்சியம் போட்டேன்.
வீட்டில் எத்தனை என்று அது கேட்கவில்லை.

மருத்துவர் பியூர்கின் ஒரு தாளில் வரைந்து காட்டியிருந்தார்:
ஐந்து துண்டு பொருந்திய வாசல்,
மூளையின் ஒவ்வொரு கலத்திலும் ஆயிரமாயிரம்.
காபா வந்து தட்டினால் திறக்கும்.
குளோரைடு உள்ளே போகும், கறியுப்பின் பாதி.
கத்திக்கொண்டிருந்த கலம் வாய் மூடும்.
சாராயம் ஒரு வாசலோடு நிற்காது.
கண்ட கதவையெல்லாம் தோளால் இடிக்கும்,
ஈரலில் போய் வேறொரு நஞ்சாய் மாறும்.
இந்தச் சரக்கு அப்படியில்லையாம்.
இரண்டு வகை வாசல்தான் இதற்குத் தெரியும்,
அதிலும் சாவியைப் பாதிதான் திருப்பும்.
"பத்துக் கோப்பை குடித்தாலும்
இரண்டு கோப்பை வெறிதான்."
பேனாவால் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.
கோட்டுக்கு மேலே தாள் வெறுமையாய்க் கிடந்தது.

அந்த வெறுமையில்தான்
என் புருசன் இருபது வருசம் குடியிருந்தார்.

பதினைந்தாம் நிமிடம்: ஒன்றுமில்லை.
ஜன்னலில் ரைன்.
கொள்கலன்கள் அடுக்கிய சரக்குப் படகு
எதிர்நீரில் முக்கி முக்கி மேலே போகிறது.
இருபத்திரண்டாம் நிமிடம்
தோள் இறங்கியது.
இவ்வளவு காலமும் அது ஏறி நின்றதென்று
எனக்கு யாரும் சொன்னதில்லை.

அட, இதுவா.
இதற்காகவா மனுசன் வேலை முடிந்து
கடைசி ட்ராமையும் விட்டுவிட்டு
பாலத்தடியில் நின்றார்.
இந்த இடத்தில் நின்றிருக்கலாமே, குகன்,
நானும் பக்கத்தில் வந்து நின்றிருப்பேனே.

நூறிலிருந்து ஏழேழாய்க் கழிக்கச் சொன்னார்கள்.
தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது
என்று தமிழிலேயே இறங்கினேன்.
ஃப்ளூரினா தலையாட்டினாள், சரியோ பிழையோ தெரியாமல்.
கோட்டில் நடந்தேன்.
பத்துச் சென்ரிமீற்றர் கீறலில்
என் வெறி எங்கே என்று கேட்டார்கள்.
நடுவுக்குச் சற்று இப்பால் புள்ளி வைத்தேன்.

பிறகு யாரும் கேளாமலே கதைத்தேன்,
வேற்றுமை உருபெல்லாம் அவிழ்ந்து விழுந்த ஜெர்மனில்:
ஆஸ்பத்திரியில் அவர் கடைசியாய்க் கேட்டது தண்ணி.
எந்தத் தண்ணி என்று நான் கேட்கவில்லை.
ஜாடி கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தது.
ஐந்து நிமிடம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஜெர்மனில் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்.
ஃப்ளூரினாவுக்கு விளங்கவில்லை.
பேனா கொஞ்சம் நின்றது. பிறகு
பக்கவிளைவு என்ற கட்டத்தில்
'பேச்சு அதிகம்' என்று எழுதினாள்.

மூன்று மணிக்கு நரம்பில் மாற்றுமருந்து.
அதே வாசலில் வந்து குந்தி
முன்னவனை எழுப்பிவிடுமாம்.
ஒரு நிமிடம்கூட ஆகவில்லை,
குழல்விளக்கின் இரைச்சல் திரும்பியது,
சாக்கின் விளிம்பு கணுக்காலை அறுத்தது,
தோள் தன் பழைய இடத்துக்கு ஏறியது.

குடிகாரன் பேச்சு விடிஞ்சால் போச்சு என்பார்கள்.
எனக்கு மூன்று மணிக்கே விடிந்துவிட்டது.
பேச்சு போகவில்லை.
அது கட்டிலருகே நின்றது,
என் செருப்புகளுக்குப் பக்கத்தில்.

கையெழுத்துப் போடும்போது கேட்டேன்:
இன்று தந்தது மருந்தா, வெறும் நீரா?
"எனக்கும் தெரியாது" என்றாள்.
"மருத்துவருக்கும் தெரியாது.
எல்லோருக்கும்தான் ஊசி.
உறை பிரிக்க மார்ச் மாதமாகும்."

பதினோராம் இலக்க ட்ராமில் உட்கார்ந்து
நாக்கைப் புரட்டிப் பார்க்கிறேன்.
எலுமிச்சை இன்னும் இருக்கிறது.
தண்ணியாகவும் இருந்திருக்கலாம்.